ஊசிக்குப் பயம், சந்தை மாத்திரைக்குப் பயமில்லையா?



"கையில ஸ்டீராய்டு ஊசி போடணும்னாங்க, வேணாம்னு வந்துட்டேன்." முடக்குவாதம் கண்ட நம் ஆட்கள் சிலர் இப்படிச் சொல்கிறார்கள். அவர்களே பசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இது தலைகீழான பயம் என்பதே நம் கருத்து.

காரணம் கேளுங்கள். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை ரகசியமாகக் கலந்த ஜாமு மருந்துகளைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி இரண்டே நாளில் பறப்பதன் மர்மம் இதுதான். அளவு தெரியாத அந்த மருந்து உடம்பு முழுக்கப் பரவி முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பை அரிக்கும்.

ஆஸ்பத்திரி ஊசி அப்படியல்ல. விரலை மடக்கி நீட்டுவது தசைநாண். நாம் அதை 'நரம்பு' என்கிறோம். சைக்கிள் பிரேக் கம்பி போல அது ஓர் உறைக்குள் ஓடுகிறது. முடக்குவாதத்தில் அந்த உறை வீங்கும். கவனிக்காமல் விட்டால் தசைநாணே நைந்து அறுந்து போகலாம். அப்புறம் பால்வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது?

மருந்து போகவேண்டியது உறைக்குள். தசைநாணுக்குள் போனால் அது பலவீனப்படும். ஆகவேதான் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துப் போடுகிறார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே முறைதான். வீங்கிய உறையும் ஊசிமுனையும் திரையில் தெரியும். கொஞ்ச மருந்து, சரியான இடம்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே திரும்பிப் போங்கள். சுகம் சில வாரமோ, சில மாதமோதான். நோயை அடக்குவது மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளே. அதுவும் வாரம் ஒருமுறைதான், தினமும் அல்ல. ஊசி போட்டாச்சே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சந்தை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்காமல், இரண்டு கையும் வீங்கினால், "வேலை வலி" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். அதோடு ஜோர்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மூட்டு நிபுணரைப் பாருங்கள்.

ஒன்றை நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலையும் நம் மக்களைச் சந்தை மாத்திரைக்குத் தள்ளுகிறது. நிபுணரைப் பார்க்கப் போகும் நாளில் சம்பளத்தை வெட்டாதீர்கள். தோட்டத்துக்காகத் தேய்ந்த கைகள் இவை. அவற்றைக் காப்பது சலுகை அல்ல, கடமை.