டிக்கெட் கிழித்த பிறகு கத்தரியா?

போன முறை ஒரு படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, அதில் ஒரு காட்சியைப் பற்றி வீட்டில் சிலாகித்துச் சொன்னேன். நாலு நாள் கழித்து ஆச்சியையும் கூட்டிக்கொண்டு அதே தியேட்டருக்குப் போனேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும், "சொன்னீகளே, அந்தச் சீன் எங்கே?" என்றார். நான்தான் கண்ணயர்ந்துவிட்டேனோ என்று நினைத்தேன். வெளியே விசாரித்தால், "குறைச்சுட்டாங்க சார்" என்று சிரிக்கிறார்கள். டிக்கெட் விலை மட்டும் குறையவில்லை.

இது இப்போது வழக்கமாகிவிட்டது. 2022-இல் 'கோப்ரா' வெளிவந்த கையோடு 20 நிமிடம் போயிற்று. 2024-இல் 'இந்தியன் 2' 12 நிமிடம், 'மெய்யழகன்' 18 நிமிடம், 'கங்குவா' 12 நிமிடம். 'மெய்யழகன்' படமே ராத்திரி முழுக்கப் பேசுகிற பேச்சுதான். அதில் போய்க் கத்தரி வைக்க எப்படி மனசு வந்ததோ! கேட்டால், ரசிகர்களின் கருத்தை மதித்தோம் என்கிறார்கள். முதல் நாள் காசு கொடுத்தவனும் ரசிகன்தானே? பந்தியில் ஆளை உட்கார வைத்துவிட்டா உப்புப் பார்ப்பது?

அந்தக் காலத்திலும் வெட்டு உண்டு. டூரிங் டாக்கீஸில் நேரமாகிவிட்டால் ஆபரேட்டர் ஒரு பாட்டை விழுங்கிவிடுவார், நாம் விசிலடிப்போம். அது அந்தக் கொட்டகையோடு போயிற்று. கம்பெனி வெட்ட நினைத்தால் நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம், அதுவும் ஊர் ஊராக ஒவ்வொரு பிரிண்டிலும். 20 நிமிடம் என்றால் 1,800 அடி. அந்தச் சிரமத்துக்குப் பயந்தாவது முன்கூட்டியே யோசித்தார்கள். இப்போது டிஜிட்டல், புதுப் பிரதியை அனுப்பினால் வேலை முடிந்தது. சான்றிதழ் வாங்கிய படத்தில் கை வைத்தால் தணிக்கைக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். நம்மிடம் யார் சொல்கிறார்கள்?

நம்மூர் மெய்யப்பச் செட்டியாரை நினைத்துப் பாருங்கள். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 1947-இல் 'நாம் இருவர்' கொடுத்தவர். 1954-இல் 'அந்த நாள்' எடுத்தபோது, வேறு நடிகரை வைத்து எடுத்தது சரிவரவில்லை என்று ஒதுக்கிவிட்டு, சிவாஜியை வைத்து மறுபடி எடுக்கச் செய்தார். பாட்டே கிடையாது, 130 நிமிடம். முதலில் படம் சரியாக ஓடவில்லை என்பது வேறு விஷயம். தூக்கிப் போட்ட ஃபிலிமுக்கு அவர் பணம் போனது. பார்க்க வந்தவன் பணம் போகவில்லை.

வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிடுவதற்கு முன்னால் வெட்டுங்கள். அப்புறம்தான் வெட்டுவீர்கள் என்றால், போஸ்டரில் 'குறைக்கப்பட்டது' என்று போடுங்கள். முதல் நாள் டிக்கெட்டைக் காட்டினால் பாதி விலைக்கு உள்ளே விடுங்கள். நான் இனிமேல் எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்கப் போகிறேன். ஆச்சி வரமாட்டாராம்.