முடிச்சு விழும் இடம்

மூன்றாம் வகுப்பில் சிலேட்டுக்கு முன்பே என் கைக்குத் துடைப்பம் வந்தது. வகுப்பறையைக் கூட்ட, கழிப்பறைக்குத் தண்ணீர் சுமக்க டீச்சர் கூப்பிட்டதெல்லாம் காலனிப் பிள்ளைகளைத்தான். அன்று சாதியைக் கற்றது நாங்கள் மட்டுமல்ல. உட்கார்ந்து வாய்ப்பாடு படித்த ஊர்த்தெருப் பிள்ளைகளும்தான்.

2023இல் கரூர் மாவட்டத்தில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஐந்து வயதில் தட்டைத் தள்ளப் பழக்கிவிட்டு, பதினேழு வயதில் அரிவாளைத் தூக்கினான் என்று அதிர்ச்சியடைகிறோம். அதே ஆண்டு நடந்த நாங்குநேரி வானத்திலிருந்து குதிக்கவில்லை.

சாதிக் கயிற்றுக்குத் தடை வேண்டும் என்றது நீதிபதி சந்துரு குழு. சரிதான். ஆனால் முடிச்சு விழுவது தொடக்கப்பள்ளியில். வகுப்பறையை எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துக் கூட்டட்டும். கழிப்பறைக்குச் சம்பளத்துக்கு ஆள் போடுங்கள். எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணட்டும். பிறகு நீதிக்கதை சொல்லுங்கள்.