மாடி இல்லாதவரின் மின்சாரம்

மூன்று கிலோவாட் சோலார் தகடுகளுக்கு நிழல் விழாத மொட்டை மாடி சுமார் 300 சதுர அடி வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் கிடைக்கும். பொறியியல் மாணவர் இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுவார். அந்த மாடி யாருடையது என்ற கேள்வி மட்டும் அவருடைய வினாத்தாளில் வருவதில்லை.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகள், ஒதுக்கீடு ரூ.75,021 கோடி. மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். சொந்த மாடி உள்ளவருக்கு நல்ல திட்டம்தான். சென்னையில் ஒண்டிக்குடித்தனம் இருப்பவருக்கு? பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கட்டணம். அரசு தரும் 100 இலவச யூனிட்கூட அவரைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. மாடியில் தகடு வந்தாலும் குறைவது வீட்டுக்காரருடைய பில்தான்.

இந்தக் கேள்வியை எழுப்பக் கற்றுத்தரும் பாடங்கள் பொறியியலில் இல்லாமல் இல்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் அறிவியலும் அரசமைப்புச் சட்டமும் கட்டாயப் பாடங்கள். ஆனால் கிரெடிட் கிடையாது. கிரெடிட் இல்லாத பாடத்தை யார் எப்படிப் படிப்பார்கள் என்பது எல்லா ஹாஸ்டலுக்கும் தெரியும். கானமயில் என்ற பறவையைக் காப்பது தொடர்பான வழக்கில், சூரிய மின்சாரம் செல்லும் கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்க முடியுமா என்ற தொழில்நுட்பக் கேள்வியை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம்தான், 2024-இல் பருவநிலை பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21 பிரிவுகளில் கண்டது. கிரெடிட் மறுக்கப்பட்ட இரண்டு பாடங்களும் ஒரே தீர்ப்பில்!

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள் பேராசிரியர்கள். உண்மைதான். புதிய தாள் எதையும் நாம் கேட்கவில்லை. அந்த இரண்டுக்கும் கிரெடிட் கொடுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டில், செலவு யார் தலையில், பலன் யாருக்கு, விடுபடுவது யார் என்று ஓர் அத்தியாயம் இருக்கட்டும். வைவாவில் அதைக் குடைந்து கேளுங்கள்.

எங்கோ நிறுவிய சோலார் நிலையத்தின் யூனிட்டைப் பலருடைய பில்லில் கழிக்கும் முறைக்கு டெல்லி 2019-லேயே வழிசெய்தது. வாடகைதாரருக்கு அது பொருந்துமா? மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும்வரை பொருந்தாது. அந்த முடிச்சை அவிழ்க்க மீட்டரும் தெரியவேண்டும், சட்டமும் தெரியவேண்டும். 2022-இல் மின்கட்டண உயர்வுக்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டது. அடுத்த கூட்டத்துக்கு மாணவர்கள் கணக்கோடு போகட்டும். அன்றைய அட்டெண்டன்ஸைக் கல்லூரி வெட்டாமல் இருக்கட்டும்.