கம்பைலரையும் நாமே கட்டலாமே!

ஆம்பூரில் ஷூ தைக்கிறோம். போடுகிற கால் ஜெர்மனியில். அப்பர் தைக்கிற என் அம்மா, எந்த நாட்டு ஆர்டர்னு பார்த்துத்தான் அளவு என்பார். கம்பைலரும் அப்படித்தான். ஜி.சி.சி.யைக் கட்டுமுன் கான்ஃபிகரில் மூன்று விஷயம் சொல்லணும்: கட்டுவது எந்தக் கணினியில், கம்பைலர் ஓடுவது எதில், அது தயாரிக்கும் நிரல் எதற்கு. பில்ட், ஹோஸ்ட், டார்கெட்.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸர் ரிஸ்க்-ஃபைவ் வகை; 2018-லேயே அந்தச் சிப்பில் லினக்ஸ் ஓடியது. ஜி.சி.சி.யில் ரிஸ்க்-ஃபைவ் வசதி 2017-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. நம்ம லேப் கணினியிலேயே டார்கெட்டை மாற்றிக் கட்டினால் சக்திக்கு நிரல் தயார். ஆனால் பின்யூட்டில்ஸை முதலில் கட்டணும். அதில்தான் அசெம்ப்ளர் இருக்கு, இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

நாமோ இன்னும் டர்போ சி-யின் நீலத் திரையில்! அதில் இன்ட் 2 பைட், 32767-ஐத் தாண்டாது. இன்றைய கணினியில் ஜி.சி.சி.க்கு அதுவே 4 பைட். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, மார்க் விழுந்தால் சரி.

"டிப்ளமோவுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்கிறார்கள். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க லேபை விட்டால் இடமில்லை. ஜி.சி.சி. இலவசம். ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்துவிடுங்கள் சார், அதுபோதும்.