நகலும் முகவரியும்

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் கணிநிரல் பாடத்தைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் நான் சொல்ல வருவது மொழியோடு தொடர்புடையதுதான். ஒரு கருத்தைப் புரிந்துகொள்வதற்கும் அதன் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது. அந்தத் தூரத்தை நம் வகுப்பறைகள் எப்படி வளர்க்கின்றன என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் பள்ளிக்கல்வி முழுவதையும் தமிழ்வழியில் முடித்துவிட்டு, இப்போது பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். சி மொழிப் பாடத்தில் ஒரு சந்தேகம் என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மாறிகளின் மதிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றும் செயற்கூறு ஒன்றை எழுதியிருந்தாள். ஓட்டிப் பார்த்தால், செயற்கூறுக்குள் மதிப்புகள் மாறுகின்றன. வெளியே வந்தால் பழையபடியே இருக்கின்றன. அடுத்த பக்கத்தில், பத்து எண்கள் கொண்ட அணியை வரிசைப்படுத்தும் செயற்கூறு. அதில் செய்த மாற்றமோ வெளியிலும் அப்படியே நிற்கிறது.

"அதெப்படிங்க மாமா, ரெண்டு நம்பரை அனுப்புனா மாறமாட்டேங்குது, பத்து நம்பரை ஒண்ணா அனுப்புனா மட்டும் மாறிப்போகுது? ஒரே மொழியில ரெண்டு ஞாயமுங்களா?"

என்னைக் கேட்டால், முதலாண்டு மாணவர் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்விகளில் இது ஒன்று. வகுப்பில் கேட்டாயா என்றேன். கேட்டிருக்கிறாள். "மாறி என்றால் கால் பை வேல்யூ, அணி என்றால் கால் பை ரெஃபரன்ஸ், எழுதிக்கொள்" என்று விடை வந்திருக்கிறது. அதாவது, ஏன் என்று கேட்டவளுக்கு இரண்டு பெயர்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த விடையில் பாதி தவறு என்பது இன்னொரு வருத்தம்.

சி மொழியில் இரண்டு நியாயம் கிடையாது. ஒன்றுதான். செயற்கூறுக்கு எதை அனுப்பினாலும் அதன் நகல்தான் போகிறது. எண் மாறியை அனுப்பினால் எண்ணின் நகல் போகும். அணியின் பெயரை அனுப்பும்போது, அந்தப் பெயர் அணியின் முதல் உறுப்பு நினைவகத்தில் இருக்கும் முகவரியாக மாறிவிடுகிறது. அந்த முகவரியின் நகல் போகிறது. ஒரு வீட்டின் முகவரியை எத்தனை தாளில் எழுதினாலும் எல்லாத் தாளும் ஒரே வீட்டுக்குத்தான் வழி சொல்லும். அங்கே போய்ச் சுவரை இடித்தால் இடிவது அசல் வீடு.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. அதை அந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே 1993இல் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில், அணியின் பெயர் என்பது அணி இருக்கும் இடத்தின் முகவரியைத் தாங்கிய தனிப் பெட்டி. 1970களின் தொடக்கத்தில் ரிட்சி அந்த மொழிக்குள் கட்டமைப்புகளைக் கொண்டுவர முயன்றார். யூனிக்ஸ் கோப்பகத்தின் ஒரு பதிவில் ஓர் எண்ணும் 14 எழுத்துகள் கொண்ட பெயரும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். இடையில் முகவரிப் பெட்டி ஒன்றை எங்கே ஒளித்துவைப்பது? அவர் அந்தப் பெட்டியையே நீக்கினார். அணியின் பெயரை நிரலில் குறிப்பிடும்போதெல்லாம் அதன் முதல் உறுப்பின் முகவரி அந்தக் கணத்தில் பிறக்கும் என்று விதி செய்தார். பழைய நிரல்களும் பிழைத்தன, புதிய வசதியும் வந்தது. இதே அணியை ஒரு கட்டமைப்புக்குள் வைத்து அனுப்பிப் பாருங்கள், முழு அணியும் நகலாகிப் போகும். 'அணி என்றாலே ரெஃபரன்ஸ்' என்ற சூத்திரம் அங்கே உடைந்துவிடும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பட்டறையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்த நண்பர் குறுக்கிட்டார்.

"ஏனுங்க, இது எங்களுக்குத் தினமும் நடக்கறதுதானுங்களே. கம்பெனியில இருந்து போன் பண்ணி, துளை முப்பத்திரண்டு மில்லின்னு சொல்றாங்க. நான் நோட்டுல எழுதிக்கறேன். அதை நான் முப்பத்தஞ்சுன்னு திருத்துனா அவங்க டிராயிங் மாறிருமுங்களா? மாறாது. ஆனா, எங்க குடோன்ல ரெண்டாவது ரேக்குல இம்பெல்லர் இருக்குது, எடுத்துக் கடைஞ்சு வைங்கன்னா, நான் கடையறது அவங்க சரக்கைத்தானுங்க."

மகள் உடனே கேட்டாள்: "ரேக்கு மட்டும் சொன்னா, எத்தனைன்னு எப்படிங்கப்பா தெரியும்?"

"எத்தனை உருப்படின்னு கேக்காம எவனாவது வேலையை ஆரம்பிப்பானா?"

இந்த இடத்தில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. முகவரி அளவைச் சொல்வதில்லை. நான்கு பைட் எண்கள் பத்து கொண்ட அணியின் அளவை அது அறிவிக்கப்பட்ட இடத்தில் கேட்டால் 40 என்று வரும். அதையே செயற்கூறுக்குள் கேட்டால், இன்றைய 64 பிட் கணினிகளில் 8 என்று வரும். அது முகவரியின் அளவு. அணி எவ்வளவு நீளம் என்ற செய்தி வாசலிலேயே நின்றுவிட்டது. ஆகவே எண்ணிக்கையைத் தனியாக அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், அல்லது அனுப்பியதை மதிக்காவிட்டால், செயற்கூறு அடுத்த ரேக்கில் இருக்கும் பிறர் சரக்கையும் கடைந்துவிடும்.

இது வெறும் கற்பனை அபாயமல்ல. 1988 நவம்பர் 2ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய நிரல் ஒன்று இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை நிரலில் இருந்த ஒரே ஒரு வரி. 512 பைட் அணியின் முகவரியை 'கெட்ஸ்' என்ற செயற்கூறிடம் அந்த வரி கொடுத்திருந்தது. கெட்ஸ் முகவரியை மட்டுமே வாங்கிக்கொள்ளும், எண்ணிக்கையைக் கேட்காது. வந்த எழுத்துகளையெல்லாம் 512ஐத் தாண்டியும் எழுதிக்கொண்டே போனது. நம் நண்பரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் பையன்கூடச் செய்யமாட்டாத தவறு. 2011இல் வெளியான சி மொழித் தரத்திலிருந்து கெட்ஸ் முற்றிலும் நீக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பெயரை உள்ளிடும் பயிற்சி ஒவ்வொன்றிலும் கெட்ஸ் இருந்தது.

மொழியை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் முதல் பருவத்தில் பைத்தானைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பைத்தானில் ஒரு பட்டியலைச் செயற்கூறுக்கு அனுப்பி அதில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் வெளியேயும் சேர்கிறது. அதே பெயருக்குப் புதிய பட்டியல் ஒன்றைச் சூட்டினால் வெளியே எதுவும் நடப்பதில்லை. கேள்வி வேறு உடையில் திரும்பி வருகிறது. நாம் கொடுத்தது எது, கையில் வாங்கியவர் எதைத் தொடுகிறார் என்று மாணவர் கேட்கப் பழகாதவரை எந்த மொழியும் உதவாது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை என்று அன்று பேசப்பட்டவை எல்லாம் தேவையானவையே. அதே ஆண்டு தமிழ்வழியில் கட்டடவியலும் இயந்திரவியலும் தொடங்கப்பட்டன. மாறி, அணி, செயற்கூறு போன்ற நல்ல சொற்கள் பள்ளிப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. எழில் என்ற தமிழ் நிரல்மொழியும் வந்துவிட்டது. சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம், அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருப்பதை மாணவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எடுத்துச் சொல்வதில்தான். ரெஃபரன்ஸைக் 'குறிப்பு' என்று மொழிபெயர்த்துவிட்டால் விளக்கியதாக ஆகாது. 'முகவரி' என்று சொல்லி, கரும்பலகையில் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்ணை எழுதினால் போதும். ஆங்கிலப் பெயர் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. 'வேறுபடுத்துக' என்று கேட்கும் வினாத்தாளுக்கு இரண்டு பத்தி வரைந்த அட்டவணைதான் விடையாக வரும். அதற்குப் பதிலாக, செயல்படாத நிரல் ஒன்றைக் கொடுத்து, ஏன் வெளியே மதிப்பு மாறவில்லை என்று கேட்கலாம். அணியை அனுப்பும் முதல் நாளிலேயே எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பப் பழக்கலாம். பார்க்க மட்டுமே கொடுக்கிறேன், மாற்றக்கூடாது என்று சொல்லும் 'கான்ஸ்ட்' என்ற சொல்லையும் அன்றே அறிமுகப்படுத்தலாம். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை.

விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் நிறைந்த வகுப்பறைகள் நம்முடையவை. சரக்கு யாருடையது, கூலிக்கு வாங்கியவர் எதுவரை தொடலாம், எத்தனை என்று எண்ணி வாங்குவது எப்படி என்பதை அவர்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அறிவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரச்சொல்கிறோம்.

அன்றிரவு அந்தப் பெண் வரிசைப்படுத்தும் செயற்கூறில் எண்ணிக்கையை இரண்டாவது அளபுருவாகச் சேர்த்தாள். வேண்டுமென்றே பத்துக்குப் பதில் பன்னிரண்டு என்று கொடுத்து, திரையில் வந்த குப்பை எண்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் தேர்வில் அவள் எழுதப்போவது, அணி என்றால் கால் பை ரெஃபரன்ஸ் என்றுதான். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.