வீட்டுக்குள் பள்ளிக்கூடமா, வீட்டருகே இன்னொரு பள்ளிக்கூடமா?

ஒன்ராறியோவில் ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சட்டப்படி மிகச் சுலபம். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை கல்வி கட்டாயம் என்று சொல்லும் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவே, வீட்டிலோ வேறிடத்திலோ திருப்தியான கல்வி கிடைத்தால் பாடசாலைக்கு வரத் தேவையில்லை என்றும் சொல்கிறது. 2002இல் கல்வி அமைச்சு வெளியிட்ட 131ஆம் இலக்கக் குறிப்பாணையின்படி, பெற்றோர் ஆண்டுதோறும் கல்விச்சபைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். தாய்க்கோ தந்தைக்கோ ஆசிரியத் தகைமை கேட்கப்படுவதில்லை. தக்க காரணமின்றிச் சபை விசாரிக்கவும் வராது. பெருந்தொற்றின் முதல் முழுக் கல்வியாண்டில் கனடா முழுவதும் வீட்டுக் கல்விக்குப் பதிந்த பிள்ளைகளின் தொகை இருமடங்குக்கும் மேலானது. ஆகவே ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பமும் இதைப் பற்றி யோசிப்பதில் வியப்பில்லை. ஆனால் யோசிக்கும் குடும்பம் ஒரு விசயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தச் சட்டம் தருவது அனுமதி மட்டுமே. ஆல்பர்ட்டா மாகாணம் வீட்டுக் கல்விக்கென்று ஒரு தொகை கொடுக்கிறது. ஒன்ராறியோ ஒரு சதமும் கொடுப்பதில்லை. காசு, இடம், நேரம் மூன்றையும் குடும்பமே தேட வேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணில் அரிதாகக் கிடைப்பவையும் அந்த மூன்றுந்தான்.

இங்குள்ள பத்தொன்பது அடுக்குமாடிக் கட்டடங்களும் 1960களில், பிள்ளைகளில்லாத இளம் நகரவாசிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் போருக்குத் தப்பி வந்த எம்மவர் பலருக்கு ரொறன்ரோவின் முதல் முகவரி இதுதான். தனியாளுக்கோ தம்பதிக்கோ என்று வகுத்த அறைகளில் குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. இருவர் வேலை செய்தால்தான் வாடகை கட்டலாம் என்ற நிலையில், பகல் முழுவதும் பிள்ளையோடு இருந்து படிப்பிக்க ஒருவர் வேலையை விட வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் அது அம்மாதான். வீட்டுக் கல்வியைச் சுதந்திரம் என்று புகழ்பவர்கள் இந்தச் செலவை எழுதிவைப்பதில்லை. வேறோர் ஆபத்தும் உண்டு. 2018 ஓகஸ்டில் பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கக் கட்டடத்தில் மூண்ட தீ, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரை வெளியேற்றியது. பலர் திரும்பிவர ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது. வகுப்பறையும் வீடும் ஒன்றாக இருக்கும் பிள்ளை, அப்படியான நாளில் இரண்டையும் சேர்த்தே இழக்கும்.

வீட்டில் படித்த பிள்ளைகள் சோதனைகளில் முன்னிற்கிறார்கள் என்பதே வழக்கமாக வைக்கப்படும் வாதம். அமெரிக்காவில் லோறன்ஸ் ரட்னர் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் பங்குபற்றியோர் தாமாக முன்வந்த குடும்பங்கள். வீட்டுக் கல்விதான் சிறந்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். கனடாவில் 2011இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. வீட்டில் படித்த 37 பிள்ளைகளையும் பாடசாலையில் படித்த 37 பிள்ளைகளையும் அது ஒப்பிட்டது. ஒழுங்கான பாடத்திட்டத்தோடு வீட்டில் படித்தவர்கள் பாடசாலைப் பிள்ளைகளை விட முன்னே நின்றார்கள். பாடத்திட்டமே இல்லாமல், பிள்ளையின் விருப்பப்படி விட்டவர்கள் பின்னே நின்றார்கள். எண்ணிக்கை சிறியது, இவர்களும் முன்வந்தவர்கள்தான். ஆயினும் பிள்ளையோடு ஒருவர் நாள்தோறும் ஒழுங்காக உட்கார முடிகிறதா என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரவு வேலை முடித்து விடிய வரும் தந்தையிடமும், காலை ஐந்து மணிக்கே புறப்படும் தாயிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ரியூசனுக்கு அனுப்பும் வழக்கம் எம்மிடம் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதற்கு இந்த நேரப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. வகுப்பில் அடியும் கேலியும் வாங்கும் பிள்ளைக்கும், ஓட்டிசம் போன்ற தேவைகளுக்கு உரிய உதவி கிடைக்காமல் ஒவ்வொரு காலையும் அழுகிற பிள்ளைக்கும், பொறுத்திரு என்று புத்தி சொல்வது கொடுமை. அங்கே வீட்டுக் கல்வி ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ நல்ல அடைக்கலமாகலாம். உயர்நிலைப் பாடங்களை மாகாணக் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான ரிவிஓவின் சுயாதீனக் கற்றல் நிலையத்தில் எடுக்கவும், மூன்றாம் ஆறாம் தர மாகாணச் சோதனைகளில் சேரவும் வழி இருக்கிறது. பண்பாடு கெட்டுவிடும் என்ற வாதம் எனக்கு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. 2015இல் பாலியற் கல்விப் பாடத்திட்டம் வந்தபோது ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க்கில் பெற்றோர் பெருமளவில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறித்துவைத்தார்கள். அந்தக் கோபம் எம்மவரையும் தொட்டது. ஆனால் தன்னோடொத்த வயதினரிடமிருந்து பிரித்து வளர்த்த பிள்ளைக்கு, அந்த விசயங்களை இணையம் சொல்லித்தரும். தமிழுக்கும் அப்படியே. கல்விச்சபைகள் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்பில் தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பேசும் தமிழ், அம்மாவோடு மட்டும் பேசும் தமிழை விட நீண்ட காலம் நிலைக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது, அயலில் உள்ள ரோஸ் அவெனியூ பாடசாலை, வின்செஸ்ரர், ஜார்விஸ் கொலீஜியற் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. பெரிய வகுப்பில் ஒதுங்கிப்போகும் பிள்ளைக்கு வேறொரு வாசல் வேண்டும். அந்த வாசல் அரச செலவிலேயே திறந்திருக்கிறது என்பது எம்மவரில் பலருக்குத் தெரியாது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையிடம் ஏறத்தாழ நாற்பது மாற்றுப் பாடசாலைகள் உண்டு. முதலாவதான சீட், 1968இல் கோடைகாலத் திட்டமாகத் தொடங்கியது. அல்ஃபா 1972இல் பெற்றோர் முன்னின்று உண்டாக்கியது. சக்வில் வீதியில் 1887ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்கும் இங்கிள்நூக் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து அவ்வளவு தூரமில்லை. சிறிய வகுப்புகள், பெற்றோருக்குப் பாடசாலை நிர்வாகத்தில் குரல், அதே ஒன்ராறியோ உயர்நிலைச் சான்றிதழ், தகைமை பெற்ற ஆசிரியர்கள். கட்டணம் இல்லை. போய்வர, பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கு நகரப் பொதுப் போக்குவரத்தான ரிரிசியும் 2015 முதல் இலவசம். காசு கொடுத்துச் சேரும் தனியார் பாடசாலைகளிலோ உயர்நிலைப் பாடநெறிகளுக்குச் சான்றிதழ் வழங்குபவற்றை மட்டுமே அமைச்சு பரிசோதிக்கிறது. ஆரம்பப் பிரிவுகளை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

மாற்றுப் பாடசாலை என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகளின் இடம் என்ற எண்ணம் எங்களிடம் உண்டு. உண்மை நேர்மாறானது, அதில்தான் சிக்கலும் இருக்கிறது. கல்விச்சபையின் 2010ஆம் ஆண்டு ஆய்வே, ஆரம்பநிலை மாற்றுப் பாடசாலைகளிலும் பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளிலும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. முற்கூட்டியே விசாரித்து, கூட்டங்களுக்குப் போய், விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இடம் கிடைக்கிறது. இவை நல்ல பிள்ளைகளை உறிஞ்சி அயற் பாடசாலையை வறுமையாக்கும் என்ற குற்றச்சாட்டும் இதனால் பாதி உண்மைதான். அதற்கு மருந்து மாற்றுப் பாடசாலைகளை மூடுவதல்ல, வாசலை அகலமாக்குவது. கறுப்பினப் பெற்றோர் பல வருடங்கள் வாதாடி, 2008இல் கல்விச்சபையின் 11க்கு 9 என்ற வாக்கில் வென்று, 2009 செப்ரெம்பரில் ஆபிரிக்கமைய மாற்றுப் பாடசாலையைத் திறக்கவைத்தார்கள். தமிழர் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது: விண்ணப்பக் காலத்துக்கு முன் தமிழில் அறிவித்தல்கள், வெல்ஸ்லி சமூக நிலையத்திலோ செர்போர்ன் வீதி நூலகத்திலோ மாலை வேலைக்குப் போகாதவரும் போகிறவரும் வரக்கூடிய இரண்டு வேறு நேரங்களில் விளக்கக் கூட்டம், இணைய விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஓர் ஆள். இவற்றைக் கல்விச்சபையிடம் கேட்க, பெற்றோருக்கு எந்தத் தகைமையும் தேவையில்லை.