முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சர்!

தோழர்களே! பெரம்பலூர், அரியலூர் ஆய்வகங்களில் கல்ச்சர் தட்டு பார்ப்பவர்களே, வார்டில் கண்விழிக்கும் செவிலியர்களே, மருந்துக்கடைக்காரர்களே!

ஈ.கோலியும் கிளெப்சியெல்லாவும் குடலோடு இருக்கும்வரை பெரிதாகத் தொல்லையில்லை. சிறுநீர்ப் பாதையிலும் ரத்தத்திலும் புகுந்தால் ஆபத்து. அப்போது நாம் நம்பியிருந்த ஆன்டிபயாடிக்கான மெரோபெனத்தையே உடைக்கிறது என்.டி.எம்.-1 நொதி. அதைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 கிருமிகளில் அந்த நொதி இருந்தது. நாடோ, நொதிக்குத் தில்லியின் பெயரை வைத்துவிட்டார்களே என்று சண்டை போட்டது!

புது மருந்துகள் வந்துவிட்டன, உண்மை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஓக்சா-48 நொதியை அடக்கும், என்.டி.எம்.மிடம் தோற்கும், அங்கே அஸ்ட்ரியோனமும் சேர வேண்டும். சென்னை ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிமுடன் சேர்ந்து 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பெருமைதான். அதுவும் என்.டி.எம்.முக்கு மருந்தல்ல. எந்த நொதி என்று பார்க்காமல் இவற்றை ஏற்றினால், நகையை அடகு வைத்து வந்த குடும்பத்தின் பணமும் போகும், உயிரும் போகும்.

செவிலியர்களே, "கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?" என்று முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே கேளுங்கள். உயிருக்குப் போராடுபவருக்கு மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும்.

ஆய்வகத் தோழர்களே, கொலிஸ்டினை வட்டு வைத்துச் சோதித்து முடிவு எழுதாதீர்கள். அது அகாரில் சரியாகப் பரவாது. திரவத்தில் படிப்படியாக நீர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு வசதியில்லையா? சேர்ந்து கேட்போம். 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் சிறுவாச்சூர் தனியார் கல்லூரியும் கைகோத்து, இங்கே எந்தக் கிருமிக்கு எந்த மருந்து பலிக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரே பட்டியல் போடட்டும். செந்துறையில் நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்குத் தில்லிக் கணக்கு எதற்கு?

கடைக்காரர்களே, எச்1 அட்டவணை 2014 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. சீட்டில்லாமல் செஃபிக்சிம் கிடையாது, பதிவேட்டில் எழுதாமலும் கிடையாது. வயிற்றுப்போக்கு என்று வருபவருக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக் கொடுங்கள்.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் மனுவோடு திரளுங்கள். தலைமை மருத்துவமனைகளில் இரவிலும் கல்ச்சர் மாதிரி வாங்க ஆள் வேண்டும், புது மருந்துகளைச் சோதிக்கும் வட்டுகள் ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்க வேண்டும். தேதி போட்டு எழுத்தில் பதில் வாங்காமல் யாரும் திரும்பாதீர்கள்!